படகில் ஏறிய நீலம்

கொரீன் ஃபில்புரூக், டன்ஹாம் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அப்படியும் அவளை அசலூர்க்காரி என்றுதான் சொன்னார்கள். தீவில் அது வசவில் சேராது. இன்றைக்கு மழை என்று சொல்வது மாதிரி ஒரு தகவல், அவ்வளவுதான். வலி எடுத்த பெண்ணைப் படகேற்றிக் கரைக்குக் கொண்டுபோய், அங்கே ஆஸ்பத்திரியில் பெற்றுத் தூக்கிவந்த பிள்ளையையே, "அது கரையில பொறந்ததுல்ல" என்று ஒரு மாற்றுக் குறைத்துப் பேசுகிற ஜனங்கள். செருப்பு மில்கள் நிறைந்த ஊரில், வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்து, இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவளை விட்டுவைப்பார்களா?

ஆல்டன் மட்டும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவன் அவளுடைய கணவன், அப்பா காலத்துப் படகில் சிங்கி இறால் பிடிப்பவன், பேச்சுக்குக் கஞ்சன். ஒரு முறை கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவன், "ஒன் அசலூர்க்காரி எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டான். ஆல்டன் கோப்பையைக் கீழே வைத்தான். "அவ எம் பொண்டாட்டி. இந்த ஊர்க்காரி. இன்னொரு வாட்டி சொல்லிப் பாரேன்" என்றான். அதற்குப்பிறகு அவன் காதுபட யாரும் சொல்வதில்லை. காதுபடாமல் சொன்னார்கள்.

கொரீனும் சும்மா இருந்துவிடவில்லை. இந்த ஊர்க்காரி ஆகிவிடவேண்டும் என்று தலைகீழாக நின்றாள். படகில் பன்றி என்ற சொல்லை எடுக்கக்கூடாது, 'சுருட்டைவால்' என்றுதான் சொல்லவேண்டும் என்றார்கள். அவள் கரையில் இறைச்சிக் கடைக்குப் போனாலும் சுருட்டைவால் என்றே கேட்டு அசடு வழிந்தாள். படகுக்காரன் வீட்டில் ரொட்டியையும் கேக்கையும் கவிழ்த்து வைத்தால் படகு கவிழும் என்றார்கள். கப் கேக் வெந்ததும் குழித்தட்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் உதிர்ந்து விழும்; உலகம் முழுக்க அப்படித்தான் எடுக்கிறார்கள். அவள் ஒவ்வொன்றாகக் கத்தியால் நெம்பி, விரலைச் சுட்டுக்கொண்டு, நிமிர்ந்த வாக்கில் எடுத்து வைப்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலே நீலம். தீவில் ஒரு படகிலும் நீலப் பெயின்ட் கிடையாது. நீலக் கையுறை கிடையாது. நீல மூடி போட்ட பிளாஸ்க்கூடக் கிடையாது. வந்த முதல் வாரமே ஆல்டன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கிட்டுத் துறைப்பக்கம் மட்டும் வராத, கொரீன். படகுக்கு ஆகாது." அது அவள் அம்மா மில் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கோட்டு. அதைக் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தாள்.

"கடலே நீலமாத்தானே இருக்கு?" என்று ஒரு நாள் எமரியிடம் கேட்டாள். எமரி பக்கத்து வீட்டுக்காரன், அவனுக்கும் சொந்தப் படகு உண்டு, ஊர் வம்பெல்லாம் அவன் வாயில்.

"அதனாலதான் கண்ணு" என்றான் எமரி. "அது கடலோட சொத்து. அதை நாம ஏத்திக்கிட்டுப் போனா, எம் பொருளைக் குடுன்னு அது வந்து கேக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கண் சிரிக்கவில்லை.

அந்த ஊரில் அவளுக்கென்று கொஞ்சம் மதிப்பு இருந்தது என்றால் அது கப் கேக்கினால் வந்தது. ஜூலையில் ஸ்ட்ராபெர்ரி, அதன்பின் ராஸ்பெர்ரி, ஆகஸ்டு வந்தால் சர்ச்சுக்குப் பின்னால் பாறைமேட்டில் படர்ந்து கிடக்கும் புளூபெர்ரி. தீவில் அதை வெறும் பெர்ரி என்றுதான் சொல்வார்கள்; பெயரில் ஒட்டியிருக்கும் நீலத்தை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. பழத்தை நசுக்கி மாவில் ஒரு பங்கு கலப்பாள். இன்னொரு பங்கை எலுமிச்சைச் சாறு விட்டு அடுப்பில் வற்றவைத்து, ஆறியதும் வெண்ணெயும் சர்க்கரைத் தூளும் சேர்த்துக் கை கடுக்க அடித்தால் கிரீம் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக எழும்பி நிற்கும். ஒரு நாளும் நீலமாக வந்ததில்லை.

காலை பத்து மணி வாக்கில் படகுக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு டப்பாவைத் திறப்பார்கள். உடனே எமரி, படகுக்குப் படகு பேசும் ரேடியோவில் வந்துவிடுவான். "ஆல்டன், இன்னைக்கு என்ன கட்டி விட்டிருக்கா? ராஸ்பெர்ரியா? ஒண்ணு இந்தப் பக்கம் வீசுய்யா. எங்க வீட்டுல வெறும் சாசேஜ்தான், அதுவும் நேத்திக்கு வெச்சது." எல்லா வீட்டு அடுப்படியிலும் அதே ரேடியோ உண்டு. பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எமரியின் மனைவியும் கேட்பாள், சாயங்காலம் அவனுக்கு இருக்கும். அந்தப் பத்து நிமிடம்தான் கொரீனுக்கு அன்றைய நாளில் உச்சம்.

ஆகஸ்டுக் கடைசியில் சர்ச் விழா வரும். அந்த வருடம் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பெண்கள் கூடி ஹாலைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வேலையெல்லாம் முடிந்ததும் ஆல்டனின் அக்கா வெர்னா கையைத் தட்டினாள். வெர்னா தட்டினால் ஊர் திரும்பும்.

"தீவுப் பொம்பளைங்க எல்லாரும் வந்து நில்லுங்க. பாதிரியார் ஒரு படம் கேட்டிருக்காரு, ஹால்ல மாட்டணுமாம்."

எல்லோரும் முந்தியைச் சரிசெய்யாத குறையாகத் தலையைக் கோதிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கொரீனும் கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்தில் போய் நின்றாள். வெர்னா கேமராவை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தாள்.

"கொரீன் கண்ணு, நீ கொஞ்சம் இதைப் பிடிச்சு அமுக்கிடேன். ஒனக்குத்தான் கை நடுங்காது."

யாருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தி வேண்டுமென்றே குத்தியிருந்தால் திருப்பிக் குத்தியிருக்கலாம். அவள் கேமராவை வாங்கிக்கொண்டு எதிரே போய் நின்று அமுக்கினாள். "இன்னொண்ணு எடு கண்ணு, நான் கண்ணை மூடிட்டேன்" என்றாள் வெர்னா. இன்னொன்றும் எடுத்தாள்.

இரவுச் சாப்பாட்டில் ஆல்டனிடம் சொன்னாள்.  அவன் வாய் நிறைய உருளைக்கிழங்கோடு சிரித்தான்.

"யாராவது ஒருத்தர் பிடிக்கத்தானே வேணும்?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. களைப்பில் சொன்னான், தட்டை நகர்த்துவதற்குள் மறந்தும் போனான். அவள் பாத்திரத்தைக் கழுவியபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே கடல் சரியில்லை. தெற்கே எங்கோ நடுக்கடலில் பெரிய புயல். அது இந்தப் பக்கம் வராது என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். புயல் வரவில்லை, அது கிளப்பிவிட்ட அலை வந்திருந்தது. காற்று இல்லை. நுரை இல்லை. கடல் மட்டும் சத்தமில்லாமல் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக இருந்தது. துறைமுக வாயிலில் மிதக்கும் மணி கண்டபடி அடித்துக்கொண்டிருந்தது. கடற்காகங்கள் ஒன்றும் தண்ணீருக்குப் போகாமல் சர்ச் கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

கொரீன் விழாவுக்குக் கப் கேக் சுட்டு முடித்துக் கிரீமுக்கு வந்திருந்தாள். மூடுபனியில் அழுகிவிடும் என்று பயந்து, அடிப்பாகம் சிவப்பு மாறாத பழமாக அவசரப்பட்டுப் பறித்துவிட்டாள். எலுமிச்சையும் தீர்ந்துபோயிருந்தது. வற்றியதை நாக்கில் வைத்துப் பார்த்தால் துவர்ப்பும் புளிப்பும் பல்லைக் கூசவைத்தன. புளிப்பை அடக்க ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டாள். கை தவறிக் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

ஓரத்தில்தான் முதலில் மாறியது. ஊதா கறுத்தது, கறுப்பு வெளுத்தது, பிறகு பாத்திரம் முழுக்க வேறு நிறமாகிவிட்டது. அவள் நம்பாமல் வெண்ணெயில் போட்டு அடித்தாள். அடிக்க அடிக்கத் துலங்கியது. வெயில் நாளில் தெற்கே தெரியும் கடலின் அதே நீலம்.

இதற்கு மாற்று அவளுக்குத் தெரியும். ஒரு கரண்டி வினிகர் விட்டால் போதும், பழையபடி சிவந்துவிடும். அவள் அம்மா சிவப்பு முட்டைக்கோஸ் வேகவைக்கும்போது செய்வதுதான். அலமாரியிலிருந்து வினிகர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகியும்விட்டாள்.

அப்போது வாசலில் மெர்ல் வந்து நின்றான். வெர்னாவின் புருஷன். ஆல்டனின் படகில் கூட வேலை பார்ப்பவன். ஐம்பது வயது ஆகியும் கடலைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏறுமுன் படகின் மரத்தை மூன்று முறை தட்டாமல் ஏறமாட்டான். தீவில் மற்றவர்களைப் போலவே அவனுக்கும் நீந்தத் தெரியாது. கப் கேக் என்றால் உயிர். ஆல்டன் உள்ளே இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தினமும் சொல்லும் அதே சொல்லைத் தினமும் சிரிக்கும் அதே சிரிப்போடு சொன்னான்.

"என்ன அசலூர் அம்மணி, இன்னைக்கு வாசனை ஆளைத் தூக்குதே?"

கொரீன் பாட்டிலின் மூடியைத் திருப்பித் திருகினாள்.

பெரிய வஞ்சம் ஒன்றும் இல்லை, கோபம்தான். ஒரு நாள் இவர்களும் திடுக்கிடட்டுமே என்று நினைத்தாள். பத்து மணிக்கு மெர்ல் டப்பாவைத் திறந்து அலறட்டும், எமரி சிரிக்கட்டும், ரேடியோ முழுக்க அவள் பேச்சாக இருக்கட்டும். சாயங்காலம் ஆல்டன் வந்து, "என்னடி இது?" என்று கேட்டால், "அசலூர்க்காரிதானே, எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லவேண்டும். பதில்கூடத் தயாராக இருந்தது. மூன்று கப் கேக்கின்மேல் நீலத்தைத் தடவி டப்பாவுக்குள் வைத்து, துணி போட்டு மூடி, ஆல்டன் கையில் கொடுத்தாள்.

ஆல்டனின் படகுக்குப் பெயர் 'வெர்னா மே'. அப்பா மகள் பெயரை வைத்தார். பெயரை மாற்றினால் ஆகாது என்று ஆல்டன் அப்படியே விட்டுவிட்டான். வெர்னா மே துறையைவிட்டு நகர்ந்து போவதை ஜன்னலில் நின்று பார்த்தாள். மூடுபனி இறங்கிப் படகின் பின்பக்கத்தை விழுங்கியது. இன்ஜின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அதன்பின் மணிச்சத்தம் மட்டும்தான்.

எட்டு மணிக்குள்ளாகவே அவளுக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. இறங்கின இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. வாசலில் நின்றால் வேலி தெரியவில்லை. கடல் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. இது என்ன பைத்தியக்காரத்தனம், வெண்ணெயும் சர்க்கரையும் ஒரு படகை என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் நம்பவில்லை. நம்பாதவளுக்குக் கை ஏன் நடுங்கவேண்டும்?

ரேடியோவின் மைக் குமிழைக் கையில் எடுத்தாள். டப்பாவைத் திறக்காதே, அப்படியே கடலில் போட்டுவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதை ஆல்டன் மட்டுமா கேட்பான்? தீவே கேட்கும். படகில் நீலம் ஏற்றிவிட்டேன் என்று அவளே ஊருக்கு அறிவிப்பது போலாகும். குமிழைப் பிடித்தபடி நின்றாள். அவனுக்கு மட்டும் விளங்கும்படி எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு வெர்னா வந்துவிட்டாள்.

"எங்க வீட்டு ரேடியோ கரகரங்குது. இங்கயே கேக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் வெர்னா. "என்ன பனி இது, கண்ணு. எனக்கு மனசே சரியில்ல. போகாதேன்னு சொன்னேன், கேட்டாத்தானே."

கொரீன் குமிழை மாட்டினாள். மேசையில் கிரீம் பாத்திரம் ஈரத்துணி மூடி இருந்தது. எடுத்து உள்ளே வைத்தால் வெர்னா கவனிப்பாள் என்று அதைத் தொடாமல் விட்டாள்.

பத்து மணிக்கு எமரி வந்தான். "ஆல்டன், உசுரோட இருக்கியாய்யா? எனக்கு எங் கையே தெரியல. இன்னைக்கு என்ன கட்டி விட்டிருக்கா ஒன் மகராசி?"

"மெர்ல் திறக்கறான், இரு" என்றான் ஆல்டன்.

ரேடியோவில் தண்ணீர் படகின் வயிற்றில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு மெர்லின் குரல், தூரத்திலிருந்து, யாரையோ எழுப்பிவிடப் பயப்படுகிறவன் குரலில் வந்தது.

"ஆல்டன். இங்க பாரேன். நீலமா இருக்கு."

அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எப்போதும் நாலு பேர் குறுக்கே பேசும் ரேடியோ வாயடைத்துக் கிடந்தது. ஒவ்வொரு படகிலும், ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

"தூக்கிப் போடு" என்றான் எமரி கடைசியில். அவன் குரலில் விளையாட்டே இல்லை. "டப்பாவோட போடு."

வெர்னா எழுந்தாள். மேசைக்குப் போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கொரீனை ஏறிட்டாள்.  நேரே ரேடியோவுக்குப் போய்க் குமிழைப் பிடுங்கினாள்.

"ஆல்டன்! அவரைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா."

"பனி தாங்கல வெர்னா" என்றான் ஆல்டன். "இங்க ஆழம் நல்லா இருக்கு. ஆட்டம்தான், ஆபத்து இல்ல. விலகற வரைக்கும் மிதந்துக்கிட்டு இருந்துட்டு வரேன். எல்லாரும் அப்படித்தான் கெடக்காங்க."

"மத்தவன் படகுல நீலம் ஏறலடா! ஒன் படகுல ஏறியிருக்கு. அவ ஏத்தி விட்டிருக்கா. அதுல எம் புருஷன் இருக்காரு. நீ இப்பக் கெளம்பலேன்னா நான் ஒனக்கு அக்கா இல்ல."

"போயிடலாம் ஆல்டன்" என்று மெர்ல் பின்னாலிருந்து கெஞ்சுவது கேட்டது. "எனக்கு இங்க இருக்க வேணாம். போயிடலாம்யா."

கடைசியில் ஆல்டன், "சரி" என்றான்.

வெளிக்கடலிலிருந்து தீவுக்கு வர ஊசிக்கண் வழியாகத்தான் வரவேண்டும். இரண்டு பாறைத்திட்டுகளுக்கு நடுவே ஒரு சந்து. தெளிந்த நாளில் சின்னப் பிள்ளைகூட ஓட்டிவிடும். பனியில் திசைகாட்டியையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து, இத்தனை நிமிடம் இந்தத் திசை என்று கணக்குப் போட்டு ஓட்டவேண்டும். கடல் இப்படி ஏறி இறங்கும் நாளில் அந்தக் கணக்கை யாரும் போட மாட்டார்கள்.

இரண்டு பெண்களும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருமே ஒனக்குச் சொல்லலையா?" என்றாள் வெர்னா, அவள் பக்கம் திரும்பாமல். "இத்தனை வருஷமா ஒருத்தர்கூடவா சொல்லல?"

கொரீன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"வெளிப்பாறையைத் தாண்டிட்டேன்னு நெனைக்கிறேன்" என்றது ரேடியோ.

"நெனைக்கிறேன்னா என்னடா?" என்றாள் வெர்னா. அப்புறம் அவளால் உட்கார முடியவில்லை. துறையில் நின்று ஊதுகுழல் ஊதப்போகிறேன் என்று தலையில் ஒன்றும் போடாமல் ஓடினாள்.

அவள் போனதும் வீடு அமைதியாயிற்று. அப்போதுதான் கொரீனுக்கு அது கேட்டது. அவள் அடுப்படி ஜன்னல் தெற்குப் பார்த்தது. ஊசிக்கண் அங்கிருந்து கூப்பிடு தூரம். காலையிலிருந்து கேட்காத ஒரு சத்தம். பெரிய கூடத்தில் சாமான்களை இழுத்துப் போடுவது போல ஒன்று, நின்று, மறுபடியும். ஓதம் வற்றிக் கடல் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நெடிய அலை ஊசிக்கண்ணில் உடையத் தொடங்கிவிட்டது.

குமிழை எடுத்தாள். இந்த முறை யோசிக்கவில்லை. "ஆல்டன், உள்ள வராத! திருப்பு! சந்துல உடையுது, எனக்கு இங்க கேக்குது, திருப்பிக்கிட்டு வெளிய போயிடு!"

"கொரீனா? என்ன சொல்ற? திருப்பிச் சொ—"

மெர்ல் கத்தினான். என்ன கத்தினான் என்று விளங்கவில்லை. பிறகு ரேடியோவில் வெறும் இரைச்சல். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எமரியும் கூப்பிட்டான். எல்லாப் படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூப்பிட்டன. வெர்னா மே பேசவில்லை.

பகல் சாய்வதற்குள் பனி விலகிவிட்டது. வெளிக்கடலில் மிதந்து கிடந்த படகுகளெல்லாம் ஒரு கீறல் இல்லாமல் திரும்பின. எமரிதான் ஆல்டனைக் கண்டுபிடித்தான். திட்டின்மேல் பாசியைப் பிடித்துக்கொண்டு, தோள் எலும்பு நொறுங்கிக் கிடந்தான். மெர்லை இரண்டு நாள் கழித்துக் கடல் மணல்கரையில் கொண்டுவந்து போட்டது.

விழா நடக்கவில்லை. அதே ஹாலில் சாவுச் சாப்பாடு நடந்தது. ஆளாளுக்குச் சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். கொரீன் எதுவும் செய்யவில்லை, செய்தாலும் யார் தொடப்போகிறார்கள்? கல்லறையில் அவள் நின்ற இடத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை. நீலத்தால் போன உயிர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. படகை ஆழத்திலிருந்து சந்துக்கு இழுத்தது எந்தக் குரல் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று ரேடியோவில் அத்தனை பேரும் கேட்டார்கள், அத்தனை பேரும் கேட்காதது மாதிரி இருந்தார்கள். அந்த விஷயத்தில் தீவுக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அடக்கம் முடிந்த மறுவாரம் வெர்னா வந்தாள். ஆல்டன் கைக்குக் கட்டுப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கடலிலிருந்து மீண்ட நாள் முதல் அவன் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். வெர்னா அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கறுப்பு உடையில் பாதியாகியிருந்தாள். கொரீன் அடுப்போரமாக நின்றாள்.

"எனக்குத் தூக்கம் வரல ஆல்டன்" என்றாள் வெர்னா. "கண்ணை மூடினா அன்னைக்குப் பேசினது காதுல கேக்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். இவளுக்குத் தெரியுமா? நீ இவகிட்ட எப்பவாவது சொல்லியிருக்கியா?"

கொரீனுக்கு இரண்டும் நாக்கு நுனிக்கு வந்தன. தெரியும், தெரிந்துதான் வைத்தேன் என்று சொல்லவேண்டும். வீட்டுக்கு வா என்று நீதானே கூப்பிட்டாய் என்றும் சொல்லவேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றதும் பின்னாலேயே வந்துவிடும்.  வெர்னா எதைக் கேட்கப் பயந்து எதைக் கேட்க வந்திருக்கிறாள் என்று அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"வெர்னா" என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியாது" என்றான் ஆல்டன்.

வெர்னா அவனையே பார்த்தாள். "சொன்னதே இல்லையா? பத்தொன்பது வருஷத்துல?"

"நம்ம ஆளுங்களுக்கு யாரு சொல்லிக் குடுக்கறா? அவளுக்கும் சொல்லத் தோணல, அப்படியே விட்டுட்டேன்." அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான். "அவ அசலூர்க்காரி, வெர்னா. அவளுக்கு என்ன தெரியும்?"

வெர்னாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கல்லறையில்கூட அழாதவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது ஓய்ந்து, எழுந்து வந்து, கொரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் அவள் இப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"போகட்டும் கண்ணு. ஒன் மேல தப்பு இல்ல. ஒனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கை சூடாக இருந்தது. பிடித்த பிடியில் ஒரு கெஞ்சல் இருந்தது. கொரீன் ஆல்டனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

"ஆமா வெர்னா" என்றாள். "எனக்குத் தெரியாது."

வெர்னா போய்விட்டாள். ஆல்டன் திட்டமாட்டானா என்று கொரீன் ஏங்கினாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் காலில் விழுந்து அழுதிருப்பாள். அவன் கேட்கவில்லை. அன்றைக்கு இல்லை, அதற்குப்பிறகு என்றைக்குமே இல்லை.

"குளிருது" என்றான் ஆல்டன். "ஜன்னலைச் சாத்து."

அவள் போய்ச் சாத்தினாள்.